கலியபெருமாள் பெயரில்

கேட்டால் கலியபெருமாள் என்று சொல்ல வேண்டும். பிறந்த நாள் மார்ச் பன்னிரண்டு, அறுபத்தெட்டு. பன்னிரண்டா பதிமூன்றா? பன்னிரண்டுதான். காரை விட்டு இறங்கும்போது கலியபெருமாளே இரண்டு தடவை சொல்லி அனுப்பினான். ‘அதெல்லாம் கேக்க மாட்டாங்கடா, மெஷினைக் காட்டிப் பாத்துட்டுப் போயிக்கிட்டே இருப்பாங்க’ என்றும் சொன்னான். ரயில் ஓல்டன் ஸ்டேஷனை விட்டு ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்துவிட்டது. லூசர்ன் போய்ச் சேர முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் நான் சபாநாயகம் இல்லை. கோட்டின் உள்பையில் அவனுடைய வருஷ ரயில் அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். இருக்கிறது. கோட்டும் அவனுடையதுதான். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்வெட்டரை முதல் நாளே தூக்கிப் பார்த்துச் சிரித்தான், ‘இது நம்ம பக்கத்து மார்கழிக்குத்தான்டா தாங்கும்’ என்று தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பாலிடெக்னிக்கில் படிக்கிற காலத்திலும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு. ஹாஸ்டல் கொடியில் காய்கிற என் சட்டையை அவன் எடுத்துப் போட்டுக்கொண்டு போவான். அவன் சட்டையை நான் எப்போதாவது எடுத்தேனா? யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. எடுக்கவில்லை போலிருக்கிறது. மடியில் அவன் மனைவி அமிர்தம் கட்டிக் கொடுத்த டப்பா, எலுமிச்சை சாதமும் அவித்த முட்டை இரண்டும். மூடியை எவ்வளவு அழுத்தினாலும் வாசனை கசிகிறது. எதிர் சீட்டில் வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி கம்பளி நூலும் ஊசியுமாகப் பின்னிக்கொண்டிருக்கிறாள். வாசனை அவளுக்கு எட்டியிருக்கும், ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சுவிட்சர்லாந்துக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது, ஒரு வேளைகூட வெளியில் காசு கொடுத்துச் சாப்பிடவில்லை. காபிக் கடைக் கண்ணாடியில் விலையைப் பார்த்துவிட்டு, மழைக்கு ஒதுங்கினவன் மாதிரி வாசலில் கொஞ்சம் நின்று நகர்ந்திருக்கிறேன். குளிர் எடுத்தால் துணிக்கடைக்குள் நுழைந்து, வாங்கப் போகிறவன் போல மப்ளரை மப்ளராகத் தொட்டுப் பார்த்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறேன். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவன், ஐம்பத்தேழு வயது, பேரன் பிறந்தாகிவிட்டது. பார்த்தவர்கள் யாரும் இல்லை என்பது ஒரு ஆறுதலாக இருந்தது. அப்படி ஒரு ஆறுதல் தேவைப்பட்டது என்று இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

பனிமலை பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. விலை மலிவான விமான டிக்கெட், மஸ்கட்டில் பதினொரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து ஏறுகிற மாதிரி. தங்குவதற்குத்தான் வழியில்லை. இந்த நாட்டில் ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகையில் எங்கள் ஊரில் ஒரு மாதம் குடித்தனம் நடத்தலாம். ஜெனீவாவில் வைத்தி இருக்கிறான், என்னுடன் படித்தவன், எங்கள் ஆட்கள், அவன் அப்பாவும் என் அப்பாவும் கோயில் தர்மகர்த்தா தேர்தலில் ஒரே பக்கம் நின்றவர்கள். அவனை நம்பித்தான் டிக்கெட் எடுத்தேன். ‘அடடா, அந்த வாரம் நாங்க ஸ்பெயின் போறோமே சபா’ என்றான். நான் இங்கே வந்த பிறகு, ஸ்பெயின் என்று சொன்ன அதே வாரம், ஜெனீவா வீட்டில் மகளுக்குக் கேக் வெட்டும் படத்தை எங்கள் வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில் மறந்துபோய்ப் போட்டுவிட்டான். தங்க இடம் கேட்டு அந்தக் குரூப்பில் நான் முன்னமே எழுதியிருந்ததைப் பார்த்து, மூன்று வருஷமாக ஒரு வணக்கத்துக்கு மேல் எழுதாத கலியபெருமாள் தனியாக ஃபோன் செய்தான். ‘நம்ம வீட்டுக்கு வாடா. பொண்ணு படிக்கப் போயிட்டா, அவ ரூமு சும்மாதான் கெடக்குது.’ நான் யோசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ‘ரொம்ப சந்தோஷம்டா’ என்றேன். விசாவுக்கு அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதத்தில், வருபவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்ற இடத்தில் நண்பர் என்று எழுதியிருந்தான். விசா ஆபீசில் அந்தப் பெண் விரலை அந்த வரியில் வைத்து, ‘எத்தனை வருஷ நண்பர் சார்?’ என்று சாதாரணமாகக் கேட்டாள். முப்பத்தொன்பது வருஷம் என்றேன். அவனுடைய மகள் அறையின் கூரையில் இருட்டினால் மினுங்குகிற நட்சத்திரங்களை ஒட்டியிருக்கிறாள். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவற்றைப் பார்ப்பேன். என்னை ஏன் கூப்பிட்டான்? மறந்துவிட்டானா? மறந்திருப்பான். முப்பத்தாறு வருஷம் ஆகிறது, எவ்வளவோ பார்த்திருப்பான். மறந்திருந்தால் ஒரு தடவையாவது ஏன் எங்கள் ஊர் விருத்தாசலத்தின் பேச்சை எடுக்கவில்லை? ஹாஸ்டல் பேச்சு வருகிறது, வார்டன் பேச்சு வருகிறது, டிராயிங் மாஸ்டர் நடையை அவன் நடித்துக்கூடக் காட்டினான். எங்கள் ஊர்ப் பேச்சு வருகிற இடத்தில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவான், அல்லது ‘மோர் ஊத்தட்டுமா?’ என்பான்.

நேற்று சாயங்காலம் நடந்ததுதான் இப்போது உறுத்துகிறது. அதை முதலில் சரியாக நினைத்துப் பார்க்க வேண்டும். ‘நாளைக்கு எனக்கு லீவு கெடைக்காதுடா, லூசர்ன் நீ தனியாப் போயிட்டு வந்துருவியா?’ என்று கேட்டபடி லேப்டாப்பைத் திறந்து என் டிக்கெட்டைப் பார்க்க ஆரம்பித்தான். அவன்தான் பணம் கட்டப் போகிறான் என்று தெரியும். நான் பர்ஸை எடுப்பதற்குள் கட்டிவிடுவான், இதுவரை அப்படித்தான் நடந்தது. அதைத் தடுப்பதாகத்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ‘எதுக்குடா வீண் செலவு? ஒன்னோட வருஷக் கார்டு நாளைக்கு வீட்டுலதானே இருக்கும்? நீ காருலதானே போறே?’ என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. ‘அதுல போட்டோ இருக்கேடா’ என்றான். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், ‘இவனுங்களுக்கு ஒனக்கும் எனக்கும் வித்தியாசமா தெரியப் போவுது?’ சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவன் உடனே சிரிக்கவில்லை. லேப்டாப்பை மெதுவாக மூடினான். அப்புறம் சிரித்தான். ‘அதுவும் சரிதான். இங்க தெரியாது’ என்றான். இங்க. அந்த இங்கவை அவன் அழுத்திச் சொன்னானா, நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேனா? ராத்திரி முழுக்க அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலையில் அவன் முதலில் இறங்கிக் காரை எடுக்கப் போனான். நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அமிர்தம் டப்பாவை நீட்டினாள், கையை விடாமலே நின்றாள். ‘அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இருவத்திரண்டு வருஷத்துக்கு அப்பறம் இப்பத்தான் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்காரு. அடுத்த மாசம் நேர்ல கூப்பிட்டிருக்காங்க. சின்னதா ஒரு பெட்டி கேஸுன்னாலும் நிறுத்தி வெச்சிருவாங்களாம். அவரு ஒங்ககிட்ட சொல்ல மாட்டாரு.’ இவ்வளவும் கீழே ஹாரன் கேட்பதற்குள் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தாள். நான் என்ன சொன்னேன்? ‘ஒண்ணும் ஆகாதும்மா, நான் பாத்துக்கறேன்’ என்றேன். பாத்துக்கறேன் என்றால் என்ன அர்த்தம்? ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கிக்கொள்வேன் என்றுதான் அப்போது அர்த்தம். மெஷின் முன்னால் போய் நிற்கவும் நின்றேன். லூசர்ன், போக, வர என்று அழுத்தினேன். விலை வந்தது. மனசு தானாக ரூபாய்க்கு மாற்றிவிட்டது, கை கீழே இறங்கிவிட்டது. பின்னால் நின்ற பெண் ஒருத்தி தொண்டையைச் செருமினாள். நான் விலகி அவளுக்கு வழி விட்டேன். விட்டவன் திரும்ப வரிசையில் நிற்கவில்லை, ரயிலில் ஏறிவிட்டேன். இவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிஷம் இருக்குமா? அவன் இருபத்திரண்டு வருஷத்தை நான் அந்த ஒரு நிமிஷத்தில் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே புல்வெளி. இவ்வளவு பச்சையை ஊரில் பார்த்தால் யாருடைய நிலம், எத்தனை போகம் என்று கேட்கத் தோன்றும். மணி கட்டின மாடுகள் ஒன்றும் அவசரமில்லாமல் நிற்கின்றன. பார்க்க வேண்டும், பார்ப்பதற்குத்தான் வந்தேன், ஆனால் கண் பெட்டியின் கதவையே பார்க்கிறது. ஒவ்வொரு தடவை கதவு விலகும்போதும் நிமிர்ந்து உட்காருகிறேன். அப்பா கூப்பிடும்போதும் இப்படித்தான் நிமிர்வேன். ‘யாருடா அது?’ எண்பத்தொன்பதாம் வருஷம் மே மாதம், சாயங்காலம் நாலு மணி. கல்யாண ரிசப்ஷனுக்குப் போக வேண்டும் என்று அப்பா முன் அறை ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். வாசலில் வந்து நின்றவனை அவர் அந்தக் கண்ணாடியில்தான் பார்த்தார். வெள்ளைச் சட்டை, கையில் சர்டிபிகேட் வைத்த ரெக்சின் பை. மறுநாள் காலையில் நெய்வேலியில் அவனுக்கு இன்டர்வியூ. அவன் ஊரிலிருந்து விடியற்காலையில் பஸ் கிடையாது. ‘எப்ப வேணாலும் எங்க வீட்டுக்கு வாடா’ என்று ஹாஸ்டலில் நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், அதை நம்பி வந்துவிட்டான். வாசலில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ‘சபா’ என்று சொல்ல வாயைத் திறந்தான். ‘யாருடா அது?’ என்றார் அப்பா. நண்பன் என்று சொன்னால் அடுத்தது எந்த ஊர் என்று கேட்பார். ஊரைச் சொன்னால், ஊரா காலனியா என்று கேட்பார். காலனி என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் ஆகியிருக்காது. கத்தியிருப்பார், அம்மா அழுதிருப்பாள், நாலு நாள் சோறு இறங்கியிருக்காது. அவ்வளவுதான் ஆகியிருக்கும். அது இப்போது தெரிகிறது. அப்போது என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. ‘மோட்டார் பாக்க வந்த ஆளுப்பா.’ எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் இரண்டு நாளாக ஓடவில்லை, மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். ‘கொல்லப் பக்கமா வரச் சொல்லு’ என்று அப்பா தாடையைத் தூக்கிக் கத்தியை ஓட்டினார். கலியபெருமாள் என்னைப் பார்த்தான். திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன், போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவன் போகவில்லை. பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்தான். பையைத் துவைக்கிற கல்லில் வைத்தான். ‘ஸ்பேனர் இருக்கா?’ என்று கேட்டான், முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பது மாதிரி. எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கிணற்றுக்குள் இறங்கி ஏறி வேலை பார்த்தான். மோட்டார் ஓடியது. இந்த இடத்தோடு நான் எப்போதும் நிறுத்திக்கொள்வேன். மோட்டார் ஓடியது, அவன் போய்விட்டான், பிறகு அவனுக்கு வேறு நல்ல வேலை கிடைத்தது, நெசவு மெஷின் கம்பெனி ஒன்று பயிற்சிக்கு இங்கே அனுப்பியது, இங்கேயே தங்கி நன்றாக இருக்கிறான். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கதவு விலகியது. நீலச் சீருடை. பெண்தான், முப்பது வயதுகூட இருக்காது, இடுப்பில் கருப்பாக ஒரு மெஷின். மார்ச் பன்னிரண்டு. அறுபத்தெட்டு. கிழவி பின்னுவதை நிறுத்திப் பையிலிருந்து தன் டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு வரிசை தள்ளி ஒரு பையன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு அட்டையைக் காட்டினான். பக்கத்தில் வந்துவிட்டாள். அப்போதுதான் உறைத்தது: இருபத்திரண்டு வருஷம் இங்கே இருக்கிற கலியபெருமாளுக்கு ஜெர்மன் தெரியும். வாங்க போங்க அளவுக்கு இல்லை, சண்டை போடுகிற அளவுக்குத் தெரியும். இவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அட்டையை நீட்டினேன். மெஷின் கீச்சென்றது. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். திரையில் கலியபெருமாள் இருக்கிறான். அவன் மூக்கு என் மூக்கு இல்லை, அவன் நெற்றி என் நெற்றி இல்லை. எங்கள் தெருவில் ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். இவளுக்குத் தெரியவில்லை. ‘டாங்கே, ஹெர் கலியா... பெருமல்’ என்று நன்றி சொல்லும்போது பெயரின் பாதியில் தடுமாறி, தடுமாறினதற்குச் சிரித்தாள். உடம்பு முழுக்க வெந்நீர் ஊற்றினாற்போல ஒரு நிம்மதி இறங்கியது. எப்பேர்ப்பட்ட நிம்மதி! அந்த நிம்மதியில் அவனும் இல்லை, அவன் நேர்காணலும் இல்லை, நான் தப்பித்தேன் என்பது மட்டும்தான் இருந்தது. போகிறவள் போகவில்லை. குனிந்து என்னவோ கேட்டாள். ஜெர்மன். கேள்வி என்று மட்டும் புரிந்தது. ‘யா’ என்றேன், எனக்குப் பதிலாகச் சொல்லத் தெரிந்த ஒரே சொல். அவள் தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்து போய்விட்டாள். போச்சு. ஆள் கூட்டி வரப் போகிறாள். எழுந்து கழிப்பறைக்குள் போய்விடலாமா? அடுத்த ஸ்டேஷன் எது? அட்டையை ஜன்னல் வழியாக வீசினால்? ஜன்னல் திறக்காது. எதிரில் கிழவி ஊசியை மடியில் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள், இப்போது பரவாயில்லையா என்று. எனக்கு விளங்கவில்லை. ‘உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று அந்தப் பெண் கேட்டாள், நீங்கள் ஆமாம் என்றீர்கள்’ என்றாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், குளிரிலும் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குள் அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டாள், தனியாகத்தான். கையில் சின்னத் தண்ணீர் பாட்டில், அவளுடைய சொந்தப் பையிலிருந்து எடுத்திருக்க வேண்டும். மூடியை அவளே திறந்து என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து, விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள். ‘பிட்டே, ஹெர் கலியபெருமல்’ என்றாள், குடியுங்கள் என்கிற மாதிரி. இந்தத் தடவை ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிட்டாள்.

குடிக்க முடியவில்லை. பாட்டிலை வாயருகில் கொண்டுபோனேன், பல்லில் இடித்தது. மோட்டார் ஓடிய பிறகு அம்மா கொல்லைக் கதவருகில் இலை போட்டாள். பாவம், பசியோடு இருப்பான் என்றாள்; அம்மா இளகின மனசுக்காரி என்று ஊரில் பெயர். அவன் துவைக்கிற கல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட மாட்டான் என்று நினைத்தேன், சாப்பிட்டான், ஒரு பருக்கை விடவில்லை. காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டான் என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது. விக்கல் எடுத்தது. ‘சபா, தண்ணி ஊத்து அவனுக்கு’ என்றாள் அம்மா. டம்ளரில் கொடு என்று சொல்லவில்லை, ஊத்து என்றாள். நான் செம்பை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மூன்று வருஷம் ஒரே அறையில் ஒரே பிளாஸ்டிக் குடத்திலிருந்து, ஒரே எவர்சில்வர் டம்ளரில் வாய் வைத்துக் குடித்தவர்கள் நாங்கள். அவன் இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்தான். நான் ஊற்றினேன். எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தெரிந்திருந்தது. குடித்துக்கொண்டே அவன் கண்ணை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் இவ்வளவு நாள் என்னை வருத்தியிருக்காது. இன்னும் எவ்வளவு ஊற்றுவேன் என்று பார்க்கிறவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் போயிற்று. மறுநாள் இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டை. அவனிடம் வேறு வெள்ளைச் சட்டை கிடையாது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? என் பீரோவில் அதே அளவில் நாலு இருந்தன. கைகழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு, ‘வரேங்க’ என்றான். என்னைப் பார்த்து, வரேங்க என்று. அதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை. கிழவி தன் கைக்குட்டையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

லூசர்ன் வந்து எல்லாரும் இறங்கிய பிறகு இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் ஏரி, ஏரிக்கு மேலே மலை, உச்சியில் பனி. ஆயுசு முழுக்க ஆசைப்பட்ட பனி, கண்ணுக்கு எதிரில் வெயிலில் பளபளவென்று இருந்தது. நான் முதுகைத் திருப்பிக்கொண்டு, அவன் போட்டுக் கொடுத்த சிம்மிலிருந்து அவனுக்கு ஃபோன் செய்தேன். ஒரே மணியில் எடுத்தான். ‘என்னடா, மாட்டிக்கிட்டியா?’ என்றான். குரலில் பயம் தெரிந்தது. காலையிலிருந்து ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். ‘இல்லடா. பாத்துட்டுப் போயிட்டாங்க’ என்றேன். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ‘அப்பறம் என்னா? மலை தெரியுதா?’ என்றான். ‘கலியா, எங்க வீட்டு மோட்டார் ஞாபகம் இருக்கா ஒனக்கு?’ அவன் பின்னால் மெஷின் சத்தம் இரைந்துகொண்டிருந்தது. ஒரு கதவு மூடியது, சத்தம் அடங்கியது. ‘பைப்பு முனையில, ஃபுட் வால்வுல தவள மாட்டிக்கிட்டிருந்துச்சு’ என்றான். தவளையை நான் மறந்தே போயிருந்தேன். ‘எல்லாம் ஞாபகம் இருக்கா?’ என்றேன். ‘மறக்கற விஷயமாடா அது?’ ‘அப்பறம் ஏன்டா என்னக் கூப்பிட்டே?’ என்றேன். ‘தெரியலடா. நீ என் வீட்டுல வந்து தங்கணும், என்னோட உக்காந்து சாப்பிடணும்னு இருந்துச்சு. அது நல்ல மனசா கெட்ட மனசான்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல’ என்றான். ‘அமிர்தத்துக்குத் தெரியுமா?’ என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. ‘கல்யாணம் ஆன புதுசுலயே சொல்லிட்டேன்.’ ஒன்பது நாள். ஒன்பது நாளாக வாங்கண்ணே, சாப்பிடுங்கண்ணே, இன்னொரு தோசைண்ணே. யாருக்குப் போடுகிறோம் என்று தெரிந்துகொண்டே போட்டிருக்கிறாள். நான் கண்ணாடியில் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, ‘கொஞ்சம் உப்பு கம்மிம்மா’ என்று ஒருநாள் சொல்லியிருக்கிறேன். ‘கலியா, நான்...’ என்று ஆரம்பித்தேன். ‘இரு’ என்றான். ‘அத எங்கிட்ட சொல்லாத. எனக்கு ஆறிப்போச்சோ, ஆறுன மாதிரி பழகிப்போச்சோ, எதுவோ ஒண்ணு. அவளுக்குத்தான் இன்னும் ஆறல. நீ வரேன்னதும் ரெண்டு நாளு எங்கூடப் பேசல. சொல்றதுன்னா அவகிட்ட சொல்லு.’ ‘சாயங்காலம் நீயும் வந்தப்பறம்...’ என்றேன். ‘நான் எதுக்குடா நடுவுல?’ என்றான். அதில் கோபமே இல்லை. ‘வேல இருக்கு, வெச்சிர்றேன்.’

அப்படியே திரும்பி ஸ்டேஷனுக்குள் நடந்தேன். கவுண்டரில் ஓல்டனுக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன். தாளை எண்ணிக் கொடுத்தபோது மனசு ஒன்றையும் எதாகவும் மாற்றவில்லை. வந்த வழியிலேயே ரயில் போனது, அதே மாடுகள் நின்றிருக்கும், நான் பார்க்கவில்லை. ஒரே வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருந்தேன். எங்கே ஆரம்பிப்பது? எங்கப்பா ரொம்பக் கோபக்காரரு என்று ஆரம்பித்தால் அப்பாமேல் போட்டதாகிவிடும். அந்தக் காலம் அப்படி என்றால் காலத்தின்மேல் போட்டதாகிவிடும். இருபத்தொரு வயசு எனக்கு என்றால், அவனுக்கும் இருபத்தொன்றுதானே. எதை எடுத்தாலும் நான் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள ஒரு இடம் அதில் இருந்தது, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஓல்டனிலிருந்து பஸ் ஏறவில்லை, நடந்தேன். அவர்கள் கட்டடத்தின் படிக்கட்டில் ஜன்னல் கிடையாது. சுவிட்சைத் தட்டினால் விளக்கு கொஞ்ச நேரம் எரியும், தானாக அணைந்துவிடும். மூன்றாவது மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. மணி அடித்தேன். அமிர்தம் ஈரக் கையோடு கதவைத் திறந்தாள். பன்னிரண்டு மணிக்கு என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தம் போய்விட்டது. ‘என்னண்ணே, அவருக்கு ஏதாவது...’ ‘ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் ஆகல’ என்று முதலில் அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். முன்பக்கம் பின்பக்கம் பார்த்துவிட்டு அதைப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். ‘உள்ள வாங்கண்ணே’ என்றாள். ‘இல்லம்மா. ஒண்ணு சொல்லணும். இங்கயே நின்னு சொல்றேன். கேட்டதுக்கு அப்பறம் நீ வான்னா வரேன்.’ என்ன என்று அவள் கேட்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அண்ணே என்று கூப்பிடும்போது இருக்கிற முகம் போய் வேறு முகம் வந்திருந்தது. அதுதான் அவளுடைய சொந்த முகமாக இருக்க வேண்டும். ‘எம்பத்தொம்பதாம் வருஷம் ஒன் வீட்டுக்காரரு என்ன நம்பி எங்க வீட்டுக்கு வந்தாரு’ என்று ஆரம்பித்தேன். ரயிலில் கோத்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. கண்ணாடியைச் சொன்னேன், வெள்ளைச் சட்டையைச் சொன்னேன், என் வாயால் சொன்ன மோட்டார் ஆள் என்பதைச் சொன்னேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததைச் சொன்னேன். ‘கெணத்துல எறங்கி வேல பாத்தாரு. மோட்டார் ஓடுச்சு’ என்றேன். அதற்கு மேல் நாக்கு நகரவில்லை. விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் இரண்டு பேரும் நின்றோம், அவள் மூச்சு எனக்குக் கேட்டது. இவ்வளவு போதும் என்று உள்ளே ஒருவன் சொன்னான். அவள் எட்டி சுவிட்சைத் தட்டினாள். வெளிச்சத்தில் அவள் கண் என்மேலேயே இருந்தது.

‘மோட்டார் ஓடுச்சு’ என்றாள் அமிர்தம். ‘அதுக்கப்பறம்?’